பழைய காரின் தொழிற்சாலை நிறம் ஒத்துவராதபோது: அறிகுறி வாரியான பிழைநீக்கம்

பழைய காரின் கதவுக்கோ மட்கார்டுக்கோ மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டு, அது மற்ற பாகங்களோடு சேராமல் தனித்து நிற்பதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் ஏராளம். பெரும்பாலும் இந்தச் சிக்கல், எந்த நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதை முடிவு செய்யாமலேயே வேலையைத் தொடங்குவதால் வருகிறது. கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்த நிறம் ஒன்று. பல பத்தாண்டுகள் வெயிலும் மழையும் பட்டு இன்று காரின்மேல் இருக்கும் நிறம் இன்னொன்று. பெயிண்ட் கோடு எண்ணை, அதாவது உற்பத்தியாளர் அந்த நிறத்துக்குத் தந்த குறியீட்டைக் கொண்டு இன்றைய மூலப்பொருள்களால் கலந்து தரப்படும் நிறம் மூன்றாவது. வண்டி முழுவதற்கும் அடிப்பதானால் முதலாவதை நாட வேண்டும். ஒரு பாகத்துக்கு மட்டும் அடிப்பதானால் இரண்டாவதை நாட வேண்டும். மூன்றாவது எப்போதும் வேலையைத் தொடங்கும் இடம்தான், அதிலேயே முடிந்துவிடுவது அபூர்வம்.

இதைத் தீர்மானித்துக்கொண்ட பிறகு உங்கள் காரில் தெரியும் அறிகுறிக்கு உரிய தலைப்புக்குச் செல்லலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும், செலவு மிகுந்தது கடைசியிலும் உள்ளன.

அறிகுறி 1: கோடு எண்ணின்படி கலந்த பெயிண்ட் காரின் நிறத்தோடு ஒத்துவரவே இல்லை

*மேற்பரப்பு வெளுத்திருக்கிறதா?*

கலவையைக் குறைசொல்வதற்கு முன் காரைச் சுத்தம் செய்யுங்கள். ஒப்பிடப்போகும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சோப்பு நீரால் கழுவி, மெழுகை நீக்கி, ரப்பிங் காம்பவுண்டால் பளபளப்பு திரும்பும்வரை தேய்க்க வேண்டும். சிவப்பு, அடர் நீலம் போன்ற நிறங்களில் மேலே படிந்திருக்கும் வெளுப்பு நீங்கியதுமே அடியில் உள்ள நிறம் புதுக் கலவையோடு நெருங்கி வந்துவிடுவதுண்டு. தேய்க்கும்போது வெள்ளைத் துணியில் காரின் நிறம் ஏறினால், மேலே கிளியர் கோட் (நிறமற்ற பளபளப்பு மேல்பூச்சு) இல்லாத ஒற்றை அடுக்கு பெயிண்ட் என்று தெரிந்துகொள்ளலாம். இந்தத் தகவல் பின்னால் பல இடங்களில் உதவும் என்பதால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

*ஒப்பிடும் முறை சரியா?*

மாதிரி அட்டையைச் சுற்றி வெள்ளை விளிம்பு இருந்தால் கண் ஏமாந்துபோகும். விளிம்பை முழுக்க வெட்டியெறிந்துவிட்டு, நிறம் நேரடியாகக் காரின் தகட்டைத் தொடும்படி, அதே சாய்வில் அட்டையை ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். முதல் சில விநாடிகளில் கண் சொல்வதையே நம்புங்கள். வெகுநேரம் உற்றுப் பார்த்தால் கண் பழகிப்போய் வித்தியாசத்தை மறைத்துவிடும். ஆண்களில் கணிசமானவர்களுக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு மங்கலாகவே தெரியும் என்பதால் இன்னொருவரையும் பார்க்கச் சொல்வது நல்லது.

*பெயரைக் கொண்டு கலந்தார்களா, கோடு எண்ணைக் கொண்டு கலந்தார்களா?*

பெயரை நம்பிக் கலக்கச் சொல்வதே அதிகம் நடக்கும் தவறு. பிரிட்டிஷ் ரேசிங் கிரீன் என்பது ஒரே பச்சை அன்று. வெவ்வேறு நிறுவனங்களும் வெவ்வேறு ஆண்டுகளும் அந்தப் பெயரில் வெவ்வேறு பச்சைகளைத் தந்திருக்கின்றன. இதற்கு நேர்மாறாக, 1970ஆம் ஆண்டு கிறைஸ்லர் குழுமத்தின் எஃப்சி7 என்ற ஊதா நிறம் டாட்ஜ் கார்களில் பிளம் கிரேசி என்றும், பிளிமத் கார்களில் இன்-வயலட் என்றும் விற்கப்பட்டது. பெயர் இரண்டு, பெயிண்ட் ஒன்று. ஆகவே கோடு எண், தயாரிப்பு ஆண்டு, மாடல் ஆகிய மூன்றையும் சேர்த்தே கடையில் சொல்ல வேண்டும். சில அமெரிக்கக் கார்களில் கோடு பொறித்த சிறு தகட்டில் இரண்டு எழுத்துகள் இருக்கும். கீழ்ப்பகுதிக்கு ஒன்று, கூரைக்கு மற்றொன்று. கூரையின் எழுத்தைக் கொண்டு கதவுக்குக் கலந்துவிட்டு, தவறு எங்கே என்று தேடுபவர்களும் உண்டு.

*அதே கோடுக்கு வேறு வகைகள் இருக்கின்றனவா?*

ஒரே கோடு எண்ணில் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலையும், ஆண்டுக்கு ஆண்டும் நிறம் சற்று நகர்ந்திருக்கும். பெயிண்ட் நிறுவனங்கள் இதற்காகவே ஒரே கோடின் கீழ்ச் சற்று மஞ்சள் சாய்ந்தது, சற்று நீலம் சாய்ந்தது, சற்று அடர்ந்தது என மாற்று வகைகளின் சூத்திரங்களை வைத்திருக்கின்றன. முதல் சூத்திரத்தைக் கலக்கும் முன் அந்த மாற்று வகைகளின் மாதிரி அட்டைகள் எல்லாவற்றையும் காரின்மேல் வைத்துப் பாருங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை, பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

*காருக்கு முன்பே மறுபெயிண்ட் அடித்திருக்கிறார்களா?*

மேலே சொன்ன எதுவும் உதவவில்லையென்றால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது தொழிற்சாலை பெயிண்டாகவே இல்லாமல் இருக்கலாம். தகட்டின் மேலுள்ள கனத்தை அளக்கும் காந்த மீட்டர் இருந்தால் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு கதவு மட்டும் மற்றவற்றைவிட இருமடங்கு கனம் காட்டினால், அது பெரும்பாலும் பிறகு அடிக்கப்பட்டதாகவே இருக்கும்.

மீட்டர் இல்லாதவர்கள், டிக்கி மூடியின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் நாணய அளவுக்கு வாட்டர் பேப்பரால் தேய்த்துப் பார்க்கலாம். 1000 எண் தாளில் தொடங்கி 2000இல் முடித்து, நீரில் நனைத்தபடி மெதுவாகத் தேய்த்தால், மரத்தை வெட்டிய இடத்தில் தெரியும் வளையங்கள்போல அடுக்குகள் ஒவ்வொன்றாய் வெளிப்படும். நடுவில் இரும்பு மின்னும். அதைச் சுற்றி பிரைமர் எனப்படும் அடிப்பூச்சின் சாம்பல் அல்லது செம்பழுப்பு வளையம், அதன் வெளியே முதன்முதல் அடித்த நிறம், பிறகு மற்றொரு பிரைமர், அதற்கும் வெளியே இன்று நாம் பார்க்கும் நிறம். பிரைமருக்கு அடுத்து வரும் அந்த முதல் வளையமே தொழிற்சாலையின் சாட்சி. அதை ஈரமாகப் பார்க்காமல், உலர்த்திப் பாலிஷ் செய்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பெயிண்ட்களில் ஈயக் குரோமேட் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. பிரைமரிலும் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். முகமூடியும் கையுறையும் அணிந்து நீரோடு தேய்த்து, சேற்றைத் துணியில் துடைத்தெடுத்து அப்புறப்படுத்துங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலையை வீட்டுக்கருகில் செய்யவே வேண்டாம்.

*எப்போது நிபுணரிடம் போவது?*

மாற்று வகைகள் எதுவும் ஒத்துவரவில்லை, ஆனால் காரில் இருப்பது முதல் பெயிண்ட்தான் என்றும் உறுதியாகிவிட்டது என்றால், நிறமாலைமானி (நிறத்தை அளந்து சொல்லும் கருவி) வைத்திருக்கும் பெயிண்ட் கடைக்குச் செல்ல வேண்டிய நேரம் அது. அளப்பதற்கு முன் அந்த இடத்தைப் பாலிஷ் செய்திருக்க வேண்டும். தட்டையான பகுதியாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். வெயிலில் நின்று சுட்டுக்கொண்டிருக்கும் சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் சூட்டினாலேயே சற்று மாறிக் காட்டும் என்பதால், வண்டியை நிழலில் ஆறவிட்ட பிறகே அளக்க வேண்டும். கருவி தரும் சூத்திரமும் ஒரு முன்மொழிவுதான். அதைக் கையால் திருத்தத் தெரிந்த கலவைக்காரரே உங்களுக்குத் தேவை.

அறிகுறி 2: கோடு தகடு இல்லை, அல்லது தகடு சொல்வதை நம்ப முடியவில்லை

தகடு இருக்கும் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கதவுத் தூண், இன்ஜினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர், ரேடியேட்டரின் மேல் சட்டம், டிக்கியின் உட்புறம் ஆகியவற்றை முதலில் தேடுங்கள். தகட்டின்மேலேயே பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். மென்மையாகத் துடைத்தால் எழுத்துகள் மேலெழும். ரிவெட் மாற்றப்பட்டிருந்தால் தகடு வேறொரு காரிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதி, அது சொல்வதைக் காரின் உடலோடு ஒத்துப் பாருங்கள்.

தகடு கிடைக்கவே இல்லையென்றால் வெளிச்சம் படாத இடங்களைத் தேட வேண்டும். கதவு ரப்பரின் அடி, டேஷ்போர்டின் பின்புறம், கிரோம் பட்டைகளின் அடிப்பகுதி, கதவின் உள்பலகையைக் கழற்றினால் தெரியும் தகடு, பெட்ரோல் மூடியின் உட்பக்கம் ஆகியவை நம்பத்தக்க இடங்கள். பின்விளக்கைக் கழற்றி அதன் ரப்பர் கேஸ்கெட்டை மெல்ல உரித்தெடுத்தால், கேஸ்கெட்டின் வடிவத்திலேயே ஒரு பட்டை, மங்காத நிறத்தோடு, ஓரத்தில் பழைய அழுக்குக் கோட்டோடு நிற்பதைக் காணலாம். முழு வண்டிக்கும் அடிக்க விரும்புபவருக்கு அதைவிடப் பெரிய பொக்கிஷம் இல்லை.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. இன்ஜின் பகுதியிலும் டிக்கியின் உட்புறத்திலும் தொழிற்சாலையிலேயே பெயிண்ட் மெல்லியதாக விழுந்திருக்கும். அடியிலுள்ள பிரைமரின் சாயல் கலந்து தெரியும். இரண்டாவது, பலர் அறியாதது: எண்ணெய் சார்ந்த பழைய அல்கிட் எனாமல் பெயிண்ட் இருட்டில் மஞ்சளாகிப்போகும். வெள்ளை, கிரீம், இளநீலம் போன்ற நிறங்களில் மறைவிடத்தில் இருக்கும் பெயிண்டே உண்மை என்று நம்பி அதைப் பின்பற்றினால், வண்டி முழுவதும் மஞ்சள் சாய்ந்துவிடும். கழற்றக்கூடிய பாகமாக இருந்தால் சில வாரங்கள் நல்ல பகல் வெளிச்சத்தில் வைத்திருங்கள். அந்த மஞ்சளில் பெரும்பகுதி தானாக வெளுத்துவிடும். அதன் பிறகு ஒப்பிடலாம்.

இவற்றில் ஒன்றும் கிடைக்காமல், வண்டியும் அரிதான மாடலாக இருந்தால், அந்த மாடலின் உரிமையாளர் சங்கப் பதிவேட்டையோ உற்பத்தியாளரின் ஆவணக் காப்பகத்தையோ நாடுங்கள். சில உற்பத்தியாளர்கள் சேஸி எண்ணைக் கொண்டு, கார் வெளிவந்தபோது இருந்த நிறத்தைச் சான்றாக எழுதித் தருகிறார்கள்.

அறிகுறி 3: பகலில் ஒத்துப்போகிறது, விளக்கொளியில் வேறாகத் தெரிகிறது

கலவையில் உள்ள நிறமிகள் பழையவற்றிலிருந்து வேறுபட்டிருந்தால் இப்படி நடக்கும். முதலில் விளக்கைச் சோதியுங்கள். மலிவான எல்இடி விளக்கின் கீழ் எந்த நிறத்தையும் முடிவு செய்யக் கூடாது, சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 90க்கு மேலும், ஒளியின் நிறம் 6500 கெல்வின் அளவிலும் உள்ள விளக்கு தேவை. அப்படிப்பட்ட விளக்கிலும், மேகம் மூடிய பகல் வெளிச்சத்திலும், மஞ்சள் ஒளி தரும் குண்டு பல்பிலும் மாறிமாறிப் பாருங்கள்.

மூன்றில் இரண்டில் ஒத்து, குண்டு பல்பில் மட்டும் பிரிந்தால், கார் எங்கே அதிகம் நிற்கும் என்பதைக் கொண்டு முடிவெடுக்கலாம். சாலையில் ஓடும் வண்டி என்றால் பகல் வெளிச்சப் பொருத்தமே போதும் என்பது என் கருத்து. பகலிலேயே மேகத்தில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரிந்தால் அதை விட்டுவிடக் கூடாது. சூத்திரத்தில் உள்ள நிறமியையே மாற்ற வேண்டும். பழைய சூத்திரம் ஈயக் குரோமேட் மஞ்சளைக் கேட்டிருக்கும், இன்றைய கலவையில் அதற்குப் பதில் கரிம மஞ்சள் இருக்கும். ஒரு மஞ்சளை எடுத்துவிட்டு வேறொரு மஞ்சளைக் கொண்டு அதே நிறத்தை எட்டுவது கைதேர்ந்த கலவைக்காரரின் வேலை. வீட்டில் துளித்துளியாகச் சேர்த்துப் பார்ப்பது டின்னை வீணாக்கும்.

அறிகுறி 4: மெட்டாலிக் நிறம் நேராகப் பார்த்தால் சரி, சாய்ந்து பார்த்தால் கருத்தோ வெளுத்தோ தெரிகிறது

இதுவே எல்லோரையும் அதிகம் படுத்தும் அறிகுறி. மெட்டாலிக் பெயிண்டில் நிறம் டின்னில் பாதியும் ஸ்ப்ரே கன்னில் பாதியுமாக உருவாகிறது. அலுமினியத் துகள்கள் தகட்டின்மேல் எப்படிப் படுக்கின்றன என்பதே நாம் காணும் நிறம்.

*டின் நன்றாகக் கலக்கப்பட்டதா?* துகள்கள் அடியில் படிந்திருந்தால் முதல் கப்பும் கடைசிக் கப்பும் இரண்டு நிறங்களாக வரும். கரண்டியால் அடிமட்டம்வரை சுரண்டிக் கலக்க வேண்டும். இரண்டு டின்கள் வாங்கியிருந்தால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

*அடிக்கும் முறை எப்படி இருந்தது?* ஈரமாகக் கனமாக அடித்தால் துகள்கள் தாறுமாறாக நிற்கும். நேர்ப்பார்வையில் நிறம் கருக்கும், சாய்வில் வெளுக்கும். வறட்சியாக அடித்தால் துகள்கள் மேற்பரப்பில் தட்டையாகப் படுத்து, நேரில் வெளுப்பாகவும் சாய்வில் கருப்பாகவும் தெரியும். ஆகவே உங்கள் பாகம் நேரில் கருத்திருந்தால், காற்றழுத்தத்தைச் சற்றே கூட்டுவது, கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடிப்பது, விரைவில் உலரும் தின்னருக்கு மாறுவது ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் மாற்றி, புது அட்டையில் அடித்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் இவற்றைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் அழுத்தம், நாசில் அளவு, தின்னர் வகை, எத்தனை கோட் என்பதை எழுதி வையுங்கள்.

*துகளின் பருமன் பொருந்துகிறதா?* வெயிலில் நிறுத்தி உருப்பெருக்குக் கண்ணாடியால் பழைய பெயிண்டையும் புதியதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். சில பழைய மெட்டாலிக்குகளில் துகள் ஓரம் சிதைந்து, நொறுங்கிய கார்ன்ஃபிளேக்ஸ் போன்ற வடிவில் இருக்கும். இன்றைய துகள்கள் பெரும்பாலும் வழவழப்பான வட்ட விளிம்போடு, கூடுதலாக மின்னும். நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்த மினுமினுப்பு வேறுபட்டால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். துகளை மாற்றித் தரும்படி கடையில் கேட்க வேண்டும்.

*கிளியர் கோட் இல்லாத மெட்டாலிக்கா?* ஒற்றை அடுக்கு மெட்டாலிக்கை வாட்டர் பேப்பரால் தேய்த்தால் துகள்களின் தலை சீவப்பட்டுக் கறைபோலத் திட்டுகள் விழும். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. அந்தப் பாகம் முழுவதையும் மீண்டும் அடிக்கத்தான் வேண்டும்.

*நிபுணரின் கட்டம்:* 15, 45, 110 பாகை போன்ற பல கோணங்களில் அளக்கும் கருவி இல்லாமல் சாய்வு நிறத்தைத் திருத்துவது கடினம். நான்கைந்து அட்டைகளுக்குப் பிறகும் சாய்வு ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். தொழில்முறை பெயிண்டர் அந்தச் சிறு வேறுபாட்டை அடுத்த பாகத்துக்குள் படிப்படியாக மங்கவைத்து இழுத்துவிடுவார். கண்ணுக்கு எல்லை தெரியாது.

அறிகுறி 5: அட்டையில் சரியாக இருந்தது, காரில் அடித்ததும் மாறிவிட்டது

ஈரத்தில் பார்த்து அஞ்சாதீர்கள். முழுக்க உலரும்வரை எந்த முடிவும் வேண்டாம். லாக்கர் (தின்னர் ஆவியாவதாலேயே உலரும் பழைய வகை பெயிண்ட்) என்றால் பாலிஷ் செய்யும்வரை வேண்டாம்.

உலர்ந்த பிறகும் மாறியே இருந்தால் பிரைமரைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், சில நீலங்கள் அடியை முழுமையாக மறைக்காதவை. அட்டையில் வெள்ளை அடியும் காரில் சாம்பல் பிரைமரும் இருந்தால் இரண்டு நிறங்கள் வரும் என்பதில் வியப்பில்லை. கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட ஒட்டுத்தாளை அட்டையில் ஒட்டி, அந்தக் கட்டம் கண்ணுக்குத் தெரியாமல் மறையும்வரை எத்தனை கோட் தேவைப்படுகிறது என்று எண்ணுங்கள். காரிலும் அதே எண்ணிக்கை, அதே பிரைமர் நிறம். இதைக் கடைப்பிடித்தால் இந்த அறிகுறி பெரும்பாலும் எழாது.

அறிகுறி 6: நிறம் சரி, ஆனால் பார்க்கப் புதுக் கார் போல அந்நியமாக இருக்கிறது

இது நிறத்தின் பிழை அன்று, பெயிண்ட் வகையின் பிழை. 1920களின் நடுவிலிருந்து நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும், 1950களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அக்ரிலிக் லாக்கரும் வந்தன. வேறு பல நிறுவனங்கள் எனாமலில் நிலைத்திருந்தன. நிறத்தின்மேல் கிளியர் கோட் அடிக்கும் முறை 1980களில்தான் பரவலானது. பழைய ஒற்றை நிறத்தின்மேல் இன்றைய கனத்த கிளியர் கோட்டை அடித்தால், நிறம் கண்ணாடிக்கு அடியில் கிடப்பதுபோல் ஆழ்ந்து தெரியும்.

காரில் இருப்பது எது என்று அறிய, மறைவிடத்தில் வெள்ளைப் பஞ்சில் லாக்கர் தின்னரைத் தொட்டுத் தேயுங்கள். நிறம் உடனே கரைந்து பஞ்சில் ஒட்டினால் லாக்கர். மென்மையாகிச் சுருங்கினால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால், ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த பி.யூ., அதாவது பாலியூரித்தேன் பெயிண்ட் பிற்காலத்தில் அடிக்கப்பட்டிருக்கலாம், அல்லது தொழிற்சாலையில் சூடேற்றி உலர்த்திய எனாமலாக இருக்கலாம்.

தீர்வாக, ஒற்றை அடுக்கு பி.யூ. பெயிண்டை அடித்து, முழுதும் உலர்ந்தபின் மெல்லத் தேய்த்துப் பாலிஷ் செய்வதே தோற்றத்துக்கும் உழைப்புக்கும் நடுவான வழி என்று உறுதியாகச் சொல்வேன். ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைப் பாதிக்கும் வேதிப்பொருள் இருப்பதால் சாதாரண முகமூடி போதவே போதாது. வெளியிலிருந்து காற்று வரும் கவசமும் முறையான ஸ்ப்ரே அறையும் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தொழில்முறைக் கூடத்திடம் கொடுத்துவிட வேண்டும். லாக்கரிலேயே அடித்து முற்றிலும் அசல் முறைக்குத் திரும்ப விரும்புபவர், அதில் பழக்கமுள்ள பெயிண்டரைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை என்பதை மனத்தில் கொள்ளட்டும்.

அறிகுறி 7: சில மணி அல்லது சில நாட்களில் இளஞ்சிவப்புச் சாயலோ மஞ்சள் வளையமோ மேலெழுகிறது

வெளிர் நிறத்தின்மேல் இளஞ்சிவப்பு பரவினால், அடியில் பழைய சிவப்போ மெரூனோ இருக்கிறது. அதன் நிறமி புதுத் தின்னரில் கரைந்து மேலே வருகிறது. எத்தனை கோட் அடித்தாலும் அது தொடர்ந்து வரும். அடிக்கும் முன்பே தின்னர் தொட்ட பஞ்சால் சோதித்திருந்தால் பஞ்சு சிவந்து எச்சரித்திருக்கும். எப்பாக்சி பிரைமரால் மூடி, ஓரிடத்தில் அடித்துக் காத்திருந்து பாருங்கள். அப்போதும் கசிந்தால் பழைய அடுக்கை இரும்புவரை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மஞ்சள் அல்லது பழுப்பு வளையம் பட்டி போட்ட இடத்தின் வடிவிலேயே தெரிந்தால், பட்டியில் ஹார்டனர் அதிகமாகிவிட்டது என்று பொருள். மேலே பெயிண்டைக் கூட்டி மறைக்க முயலாதீர்கள். பட்டியைச் சுரண்டியெடுத்து, அளவாகக் கலந்து மீண்டும் போட வேண்டும்.

அறிகுறி 8: அடித்தபோது ஒத்திருந்தது, ஓராண்டுக்குள் பிரிந்துவிட்டது

முதலில் காரின் இரு பகுதிகளையும் கழுவிப் பாலிஷ் செய்து பாருங்கள். பழைய ஒற்றை அடுக்கு பெயிண்ட் மீண்டும் வெளுத்திருக்கும், புதியது அப்படியே இருக்கும். இதற்கு மருந்து பராமரிப்புதான்: பழைய பாகங்களுக்கு மெழுகுப் பூச்சு, வெயில் படாத நிறுத்தம். பாலிஷுக்குப் பிறகும் புதிய பாகமே வெளுத்துத் தெரிந்தால் கலவையில் வெயில் தாங்காத நிறமி இருந்திருக்கிறது. சூத்திரத் தாளோடு கலந்து தந்த கடைக்குச் சென்று, வெளிப்பயன்பாட்டுக்குரிய நிறமிகளைக் கொண்டு மறுகலவை கேட்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு வேலையிலும் சூத்திரத் தாளையும், அடித்துக் காட்டிய அட்டையையும், சிறு சீசாவில் மிச்சப் பெயிண்டையும் காரின் ஆவணங்களோடு வைத்திருங்கள். அட்டையை மட்டும் இருட்டில் போட்டு மூடாமல், அறையின் வெளிச்சம் படும் இடத்தில் மாட்டி வையுங்கள்.